பைனாகுலரை வீட்டில் வைக்க வேண்டாம்

கேள்வி: நான் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 45. ஐந்து ஆண்டுகளாகப் பறவை பார்க்கும் பழக்கம். என் கணவருக்கு அதில் ஈடுபாடு கிடையாது. கோவில், கல்வெட்டு, பழைய ஊர்களின் கதை, நல்ல மீன் சாப்பாடு, லீவு என்றால் எட்டு மணி வரை தூக்கம், இவைதான் அவருக்கு. மகள் விடுதிக்குப் போய்விட்டதால், பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும் பொங்கல் முடிந்து நான்கு நாள் வெளியே போகிறோம். போன ஜனவரியில் ஒரு ஏரிக்கு அவரை அழைத்துப்போனேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லியே நாலு மணி நேரம் ஆகிவிட்டது. வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை அவரே, "உனக்குப் பிடிச்ச கோடியக்கரைக்கே போகலாம்" என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பைனாகுலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டுமா? அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறதா? இந்தப் பயணத்துக்காக ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவைகளைப் பார்க்க முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.
வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

பைனாகுலரை எடுத்துக்கொண்டு போங்கள். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் உங்கள் கண் சும்மா இருக்காது. காரில் போகும்போது வயலில் ஏதாவது எழும்பிப் பறந்தால் தலை தானாகத் திரும்பும், பேச்சு பாதியில் நிற்கும். அவர் அதைக் கவனிப்பார். தனக்காக நீங்கள் எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்ற உறுத்தல் நான்கு நாளும் அவருக்கு இருக்கும். "உனக்குப் பிடிச்ச இடத்துக்கே போகலாம்" என்று மனம்விட்டுச் சொன்னவருக்கு அது நல்ல பதில் ஆகாது.

பதினாறு வருடமாகப் பறவை பார்க்க வருபவர்களை அழைத்துப்போவது என் தொழில். என் கணவருக்கும் பறவையில் ஆர்வம் கிடையாது. கல்யாணமான மூன்றாம் வருடம் அவரை ஓர் ஏரிக்கரையில் நிற்க வைத்து, நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். காலைச் சாப்பாடு இல்லை, உட்கார இடம் இல்லை, வெயில் ஏறிக்கொண்டே போனது. நானோ சேற்றில் இரை தேடும் ஒரு சின்ன உள்ளான் பறவையின் கால் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருவேன் என்று நின்றேன். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் சொன்னார்: "எனக்குப் பறவை மேல கோபம் இல்ல. எப்ப முடியும்னு தெரியாம நிக்கிறதுதான் முடியல."

அதற்குப் பிறகு என்னோடு வந்த எத்தனையோ தம்பதிகளிடம் இதையே பார்த்திருக்கிறேன். பறவை சலிப்பதால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. வெயில், கால்வலி, பசி, பக்கத்தில் கழிப்பறை இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேலாக எப்போது கிளம்புவோம் என்று தெரியாதது, இவைதான் காரணம். உங்கள் "இன்னும் அஞ்சு நிமிஷம்" பொய் இல்லை, சொல்லும்போது நீங்கள் அதை நம்பித்தான் சொன்னீர்கள். ஆனால் கேட்பவருக்கு அது முடிவே இல்லாத நேரம். அதனால் இந்தப் பயணத்தில் நீங்கள் மாற்ற வேண்டியது முதலில் இதைத்தான். பறவைக்கு என்று ஒதுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் முடிவு நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நீங்களே பைனாகுலரை இறக்குங்கள். பயணத்தின் முதல் நாளே ஒருமுறை இதைச் செய்துவிட்டால், மீதி நாட்களில் அவர் கடிகாரம் பார்க்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நாலு மணி நேரம் உங்களால் கிளம்ப முடியாமல் போனதற்குக் காரணம், வருடத்துக்கு ஒரே ஒருமுறைதான் உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறது என்பதாக இருக்கலாம். பசியோடு பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுந்திரு என்றால் எப்படி எழுந்திருப்பார்? ஆகவே அந்தப் பசியை முன்னாலேயே ஆற்றிக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பக்கூடிய தூரத்தில், அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024 ஜனவரியில்தான் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க நம் பக்கத்தில் உள்ள நல்ல இடங்களில் அதுவும் ஒன்று. பயணத்துக்கு முந்தைய ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை, உங்களைப் போன்ற நாலு பேரோடு அங்கே போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கிறது. 2015இல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும், வீட்டு மொட்டை மாடியே போதும். இப்படி வயிறு நிறைந்த பிறகு கோடியக்கரைக்குப் போனால் உங்களுக்கே நிதானம் வந்துவிடும். கணவரோடு போகும் நான்கு நாள் உங்கள் வருடத்துப் பறவை ஆசை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். ஜனவரியில் அந்தப் பக்கம் ஆறரை மணி வாக்கில் சூரியன் உதிக்கும். பறவைகள் அதிகம் நடமாடுவது அதற்குச் சற்று முன்னிருந்து எட்டரை, ஒன்பது வரை. உங்கள் கணவர் எட்டு மணி வரை தூங்குகிறவர். இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, எட்டரைக்கு அறைக்குத் திரும்பி, அவரோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடுங்கள். அவரை எழுப்பாதீர்கள். "வர்றீங்களா?" என்று முதல்நாள் இரவு ஒரே ஒருமுறை கேளுங்கள், காலையில் கேட்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லி வருபவர் ஒன்பது மணிக்கு வருத்தப்படுவார்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த விஷயத்தில். நம் கோவில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்கு மேல்தான் திறக்கின்றன. அதாவது பறவைக்கு உகந்த காலையும் மாலையும்தான் கோவிலுக்கும் உகந்த நேரம். "நடுப்பகலில் உங்க கோவிலைப் பார்த்துக்கலாம்" என்று திட்டம் போட்டால் பூட்டிய கதவின் முன்னால் நிற்பீர்கள். ஆகவே விடியல் உங்களுக்கு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சாப்பாடு, தூக்கம், சாலைப் பயணம். மாலைகளை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வழி எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. அதில் போக எனக்கு இன்றும் ஆசை. நேராகக் கோடியக்கரைக்கு ஓடாமல் வடுவூர், மன்னார்குடி வழியாகப் போங்கள். "திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று சொல்வார்களே, அதில் இரண்டு அழகு உங்கள் சாலையிலேயே இருக்கிறது.

தஞ்சாவூர் பெரிய கோவிலை அவர் பலமுறை பார்த்திருப்பார், அதைத் தாண்டிவிடுங்கள். தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் வடுவூர் வரும். அங்கே கோதண்டராமர் கோவில். அந்த ராமரின் செப்புத் திருமேனியின் அழகைப் பற்றி அவரே உங்களுக்குச் சொல்லக்கூடும். அதே ஊரில்தான் வடுவூர் ஏரியும். 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2022இல் ராம்சார் தலமானது. பன்னிரண்டு மணிக்குள் கோவிலைப் பார்த்துவிட்டு, ஏரியைத் திரும்பிப் பார்க்காமல் மன்னார்குடிக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். ஏரியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இருவருமாக.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான்கு நாளில் உங்கள் கணவர் பறவைக்காக எங்காவது உட்கார வேண்டும் என்றால் அது இங்கேதான். ஐந்து மணிக்கு மேல், பகலெல்லாம் டெல்டா வயல்களில் மேய்ந்த கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக ஏரிக்குள் இருக்கும் மரங்களுக்குத் திரும்பும். முதலில் பத்து, இருபது. அப்புறம் வானத்தில் கோடு கோடாக. இறங்க இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தும் சத்தம் கரை வரை கேட்கும். ஆறு மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கும், எல்லாம் அடங்கிவிடும். இந்தக் காட்சிக்குப் பைனாகுலர் வேண்டாம், பெயர் தெரிய வேண்டாம், பொறுமைகூட அதிகம் வேண்டாம். தானாகவே தொடங்கித் தானாகவே முடிந்துவிடும். பறவையில் ஆர்வமில்லாதவர்களை நான் எப்போதும் இந்த நேரத்துக்குத்தான் அழைத்துப்போவேன். பிளாஸ்கில் காபி எடுத்துப்போங்கள். உட்கார ஒரு மடக்கு ஸ்டூல். அங்கே நீங்கள் எதையும் எண்ணாதீர்கள், செயலியைத் திறக்காதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பாருங்கள்.

மறுநாள் விடியலில் நீங்கள் மட்டும் அதே ஏரிக்குப் போகலாம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் அப்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் மொத்த வாத்துக் கூட்டமும் எழும்பும். காரில் போவதானால் டிரைவரிடமும் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள், அவர் ஹாரன் அடித்தால் அதுதான் மணி. ஒன்பது மணிக்கு மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோவிலில் இருக்க வேண்டும்.

அந்தக் கோவிலில் உங்கள் பைனாகுலருக்கு ஒரு வேலை இருக்கிறது. வாசலுக்கு வெளியே ஒற்றைக்கல் கருடத்தூண் ஒன்று உயர்ந்து நிற்கும். உச்சியில் கருடனுக்குச் சின்னதாக ஒரு சன்னதி. வெறும் கண்ணுக்கு அதன் வேலைப்பாடு தெரியாது. எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலரில் அத்தனையும் தெரியும். ராஜகோபுரத்தின் மேல்நிலைகளில் உள்ள சுதைச் சிற்பங்களும் அப்படித்தான். கழுத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கண் இடைவெளியை எப்படிச் சரிசெய்வது, நடுச்சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். கோவில் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். கோபுரத்தைப் பார்க்கத் தலையை அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தவர்கள் ஏன் இதை எடுத்துப்போவதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கோவிலுக்குள் இதை அனுமதிப்பார்களா என்று மட்டும் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். அவர் கல்வெட்டு படிக்கும்போது நீங்கள் கோபுரத்து மாடத்தில் கிளியும் ஆந்தையும் தேடாதீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், கோவில் கோபுரத்தில் பறவை இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் அவருடையது. அவர் எட்டரை வரை உங்களை நிம்மதியாக விட்டதைப் போல நீங்களும் அவரை விடுங்கள். ஏறத்தாழ 23 ஏக்கர் விரிந்த ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது தலைக்கு மேல் செம்பருந்து வட்டமிட்டால் அவரே "கருடன்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். அப்போது நீங்களும் அவரோடு நின்று பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். இந்தச் சாலையின் கதை உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி உங்கள் திருச்சியிலிருந்துதான் ராஜாஜி உப்பு சத்தியாகிரக யாத்திரையைத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பெரும்பாலும் இதே ஊர்கள் வழியாகத் தொண்டர்கள் நடந்தே வந்து ஏப்ரல் 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பெடுத்தார்கள். வழியெல்லாம் அவரைப் பேசவிடுங்கள். இதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு பத்து நிமிஷம்" என்று மனசு சொல்லும். வேண்டாம். அதை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். போன வருடத்து ஏரி உங்கள் இருவருக்கும் இன்னும் மறக்கவில்லை. திட்டத்தில் இல்லாத ஒரு நிறுத்தம் அதை ஞாபகப்படுத்திவிடும்.

வேதாரண்யத்திலேயே அறை எடுங்கள். கோடியக்கரையில் வனத்துறை விடுதி உண்டு, பறவைக்காரர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் வெந்நீர், காபி, கடைத்தெரு, பக்கத்தில் கோவில் என்று பார்த்தால் இந்தமுறை வேதாரண்யம்தான் சரி. அன்று மாலை முழுக்க மறைக்காட்டுநாதர் கோவில். அப்பர் பாடித் திறந்ததாகவும் சம்பந்தர் பாடி அடைத்ததாகவும் சொல்லும் கதவு அங்கேதான். பறவையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாத மாலை அது.

மூன்றாம் நாள் விடியல் உங்களுடையது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தனியாக இருட்டில் கிளம்ப வேண்டாம், கூட வர உள்ளூர் ஆள் ஒருவரையோ நம்பகமான ஆட்டோவையோ முதல்நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்றும் விசாரித்துவிடுங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் காட்டோரமாக நின்றால் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்கலாம். காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் தவறாமல் கத்துவதால் நம் ஊரில் அந்தப் பெயர். இதைக் கணவரிடம் சொன்னால் அவருக்கும் பிடிக்கும், பெயருக்குப் பின்னால் கதை இருக்கிற பறவை அது.

பூநாரைகளை (ஃபிளமிங்கோ) மட்டும் அந்தக் காலையில் தேடிப்போகாதீர்கள். அவற்றை மாலைக்கு வையுங்கள். இருவரும் சேர்ந்து காரில் போகும்படி, மூன்றரை மணிக்கு. உச்சி வெயிலில் போனால் உப்பளத்தின் மேல் கானல் எழும்பி எல்லாம் கலங்கித் தெரியும். மூன்றரைக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து நிறம் வரும். அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணில் நிறுத்துங்கள், அது அவருக்கான இடம். அதைச் சுற்றியிருக்கும் உப்பளமும் சதுப்பும்தான் உங்களுக்கான இடம். நான் முன்பு சொன்ன லாபம் இதுதான். இருவரும் ஒரே இடத்தில் இறங்கி, ஆளுக்கொன்றைப் பார்த்துவிட்டு, ஒன்றாகக் காரில் ஏறலாம்.

கோடியக்கரையில் காரை விட்டு இறங்காமலே நிறையப் பார்க்கலாம். நடந்து வரும் ஆளைக் கண்டால் எழும்பும் பறவை, நிற்கும் காரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. அவருக்கும் நிழல், இருக்கை, தண்ணீர் எல்லாம் கையெட்டும் தூரத்தில். 1967லிருந்து சரணாலயமாக இருக்கும் இந்த இடத்தில் பறவை மட்டும் இல்லை. புல்வெளியில் முறுக்குக் கொம்போடு வெளிமான்கள் நிற்கும், காட்டுக்குப் பழகிப்போன மட்டக்குதிரைகள் மேயும். பறவையில் மனம் ஒட்டாதவர்களுக்கும் வெளிமான் ஓடுவதைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும்.

பூநாரை இருக்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது, சதுப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்து அவை இடம் மாறும். ஆகவே கணவரிடம், "ஆயிரக்கணக்குல இருக்கும், பாருங்க" என்று ஆசைகாட்டாதீர்கள். "இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்" என்று சொல்லி வையுங்கள். இருந்தால், காட்டுகிற விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். "அதோ, அந்தக் கம்பத்துக்கு இடது பக்கம், இல்லை இல்லை, அதுக்கும் அந்தப் பக்கம்" என்று கை நீட்டுவதால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு "ம், பார்த்துட்டேன்" என்பார்கள். அங்கேதான் சலிப்பு தொடங்குகிறது. ஸ்கோப்பை நீங்களே குறிவைத்து, கவனம் சரிசெய்து, ஒரே ஒரு பறவை நடுவில் நிற்கும்படி வைத்துவிட்டு விலகுங்கள். பெயரைத் திருப்பிக் கேட்டுச் சோதிக்காதீர்கள். அது என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடையில் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்கிறது. அந்தத் தீனியில் இருக்கும் நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர் இரண்டு நிமிடம் அதிகமாகவே பார்ப்பார்.

சின்னப் பறவைகளில் ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள், கொசு உள்ளான். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்த உப்பளச் சேற்றுக்கு வந்திருக்கிறது. மற்ற உள்ளான்களை அவருக்கு வேறுபடுத்திக் காட்ட முயற்சிக்காதீர்கள், அது நம்மையே வருடக்கணக்கில் குழப்பும் வேலை.

உங்கள் கணவர் கல்வெட்டு படிப்பவர் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். சில கரையோரப் பறவைகளின் காலில் வண்ணப் பட்டையும் அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதைப் படித்து, நாளும் இடமும் குறித்து அவர்களுக்கு அனுப்பினால், அந்தப் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தூரத்தில் சேற்றில் ஓடும் பறவையின் காலில் உள்ள இரண்டு எழுத்தைப் படிப்பது, சிதைந்த கல்லில் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போன்ற வேலைதான். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு ஆர்வம் வந்தால் வரட்டும். வராவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். இதை அவரைப் பறவைக்காரராக மாற்றும் தந்திரமாகப் பயன்படுத்தினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். என் கணவருக்கு இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பறவைதான் பிடித்திருக்கிறது, நத்தைக்குத்தி நாரை. அவர் அப்பாவின் வயலில் நத்தை பொறுக்க வந்த பறவை என்பதால். அந்த ஒன்று எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

நான்காம் நாள் விடியலில் அலாரம் வைக்காதீர்கள். கோடியக்கரை பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது படுத்திருப்பது உங்களுக்கு எளிதாக இருக்காது. ஆனாலும் ஒரு காலையாவது அவர் கண் விழிக்கும்போது நீங்கள் அறையில் இருங்கள். பதினெட்டு வருடம் கழித்துக் கிடைத்த பயணம் இது. இரண்டு விடியல்கள் ஏற்கெனவே உங்களுக்குக் கிடைத்துவிட்டன.

திரும்பும் வழியில் அவருக்கு விருப்பமிருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதியோடு படகில் போய்வரலாம். சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்து நிற்கும் மூச்சு வேர்களையும், கோரையாற்றின் வழியாகப் போய்த் திடீரென்று விரியும் காயலையும் பார்ப்பதற்குப் பறவை ஆர்வம் தேவையில்லை. மீன்கொத்தியும் விராலடிப்பானும் வந்தால் உங்களுக்குக் கூடுதல். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அன்றைக்கு மீன் சாப்பாட்டுக்கான ஊரையும் கடையையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் உட்காருங்கள்.

கடைசியாக ஸ்கோப். இந்தப் பயணத்துக்காக வாங்க வேண்டாம். நல்ல ஸ்கோப்பும் அதைத் தாங்கும் முக்காலியும் சேர்ந்தால் பெரிய செலவு. அவ்வளவு செலவு செய்து எடுத்துப்போனால் அதற்கு ஈடாகப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு வந்துவிடும். பூநாரை மாலைக்கு மட்டும்தான் அது தேவை. கரைவெட்டிக்கு உங்களோடு வருபவர்களில் யாரிடமாவது நான்கு நாளுக்கு இரவல் கேளுங்கள், தருவார்கள். பணம் செலவழிக்க வேண்டும் என்று தோன்றினால், 8x32 அளவில் (எட்டு மடங்கு பெருக்கும், முன் கண்ணாடி 32 மி.மீ.) எடை குறைந்த இரண்டாவது பைனாகுலர் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். அவருக்காக வாங்கியது என்று சொல்ல வேண்டாம். மன்னார்குடி கருடத்தூணடியில் உங்களுடையதைத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை என்றால் அப்போது எடுத்துக் கொடுங்கள்.